கட்டக் கூடாத கயிறு

சாயங்காலம் மணி ஆறே முக்கால்... துறைமுகத்துக்குப் போற பழைய ரோடு.

புது ரோடு போட்டதுக்கப்புறம் அந்தப் பக்கம் நாய்கூட வர்றதில்ல. ஒரு பக்கம் பூட்டிக் கிடக்கிற கிடங்கு. இன்னொரு பக்கம் உசரமா மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் தண்ணி... கண்ணுக்குத் தெரியாது, காதுக்கு மட்டும் கேட்கும். சளப்... சளப்... அந்த ரோட்டுல ஒரே ஒரு ஆளு மொபெட்ல போயிட்டிருக்காரு.

கிட்ட வந்து உக்காருங்க. கத்திச் சொல்ற கதை இல்ல இது. நடுவுல எவனாவது சிரிச்சீங்க, நான் பாட்டுக்குப் போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்துடுவேன். அப்புறம் கெஞ்சினாலும் மீதியைச் சொல்ல மாட்டேன். நம்ம பெயிண்டர் இருக்கான்ல... அவனோட ஒண்ணுவிட்ட அண்ணனுக்கு நடந்தது இது. பெயிண்டர் எப்படிப்பட்ட புளுகன்னு எனக்கும் தெரியும். ஆனா இதைச் சொல்றப்போ அவன் சிகரெட் கையிலேயே எரிஞ்சு தீர்ந்துச்சு, ஒரு இழுப்புகூட இழுக்கல.

அந்த ரோடு முடியுற இடத்துல கப்பல் மியூசியம். நாட்டோட கப்பல் சரித்திரம் மொத்தமும் அந்த ஒரு கட்டடத்துக்குள்ள. வாசல்ல ரெண்டாள் உசரத்துக்கு நங்கூரம். உள்ள கண்ணாடிப் பெட்டியில குட்டிக் குட்டிக் கப்பல், முழுகின கப்பல்ல இருந்து எடுத்த மணி, கலங்கரை விளக்கோட கண்ணாடி, திசைகாட்டி... பகல்ல பள்ளிக்கூடப் பசங்க போடுற கூச்சல்ல காது போயிடும். சாயங்காலம் கதவைச் சாத்திட்டா சுடுகாடு தோத்துப்போகும்.

அந்த மொபெட்ல போறவருதான் பெயிண்டரோட அண்ணன், அவருக்கு அங்க கயிறு வேலை. பாய்மரக் கயிறு, ஏணிக் கயிறு, குட்டிக் கப்பலோட நூலு, எது அறுந்தாலும் அவர்தான். அதனால அவரை எல்லாரும் கயித்துக்காரர்னுதான் கூப்பிடுவாங்க. அதுக்கு முன்னாடி பல வருஷம் ஹார்பர்ல இருந்தாரு. அங்கயும் கயிறுதான். ஆனா அது வேற கயிறு... உசிர்க் கயிறு.

அவர் தம்பி முக்குளிக்கிறவன். கப்பலோட அடியில போய்ப் பாசி சுரண்டுறது, கப்பலைத் தள்ளுற விசிறியில வலை சுத்திக்கிட்டா அறுக்கிறது, அந்த மாதிரி. கீழே ஒண்ணுமே தெரியாது, கலங்கின தண்ணி. இடுப்புல ஒரு கயிறு கட்டியிருப்பான், அதோட மறுமுனை மேலே அண்ணன் கையில. பேச்சு எல்லாம் அந்தக் கயித்துல தான். கீழே இருந்து ஒரு இழுப்பு வந்தா, நல்லா இருக்கேன். மேலே இருந்து ஒரு இழுப்பு, பிடிச்சிருக்கேன், இரு. கீழே இருந்து நாலு வந்தா... தூக்கு. அவ்வளவுதான். நாலு வந்தா கேள்வி கேட்கக் கூடாது. மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத் தூக்கணும்.

இன்னொண்ணு, அந்தக் கயித்தை எதுலயும் கட்டக் கூடாது. எப்பவும் ஒரு உசிருள்ள கையில இருக்கணும். ஒண்ணுக்கு வந்தாலும் இன்னொருத்தன் கையில கொடுத்து, அவன் "வாங்கிட்டேன்"னு வாய்விட்டுச் சொன்னப்புறம்தான் விடணும். ஹார்பர்ல இந்த விஷயத்துல விளையாடினா செருப்படிதான்.

ஒவ்வொருத்தன் இழுப்பும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், குரல் மாதிரி. தம்பி நாலாவது இழுப்பை மட்டும் நீ...ளமா இழுப்பான். கோவிச்சுக்கிட்ட பிள்ளை அம்மா முந்தானையைப் பிடிச்சு இழுக்குமே, அப்படி.

அண்ணன் கல்யாணமே பண்ணிக்கல. அப்பா அம்மா போனப்புறம் தம்பியைத் தூக்கி வளர்த்தது அவர்தான். ஒரே வீடு, இடையில ஒரு சுவரு. இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பியும் அவன் பொண்டாட்டியும். தம்பி குடிச்சான்னா ஆளு வேற. அந்தப் பொண்ணு கண்ணு கன்னிப்போய் வரும்... "கதவு இடிச்சிடுச்சு மாமா"ம்பா. அந்த வீட்டுக் கதவு வாரத்துக்கு ஒருதடவை இடிக்கும். அண்ணனுக்குத் தெரியாதா? தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போய் ரேடியோவைச் சத்தமா வைப்பாரு. அவ்வளவுதான் அவர் செஞ்சது. தம்பி மேல உசிரு... என்ன பண்றது.

சரி, அந்தச் சாயங்காலம். மறுநாள் மியூசியத்துல புது கூடம் திறப்பு, முக்குளிப்பு சம்பந்தப்பட்டது எல்லாம். பெரிய மனுஷங்க வர்றாங்க. அன்னைக்குன்னு பார்த்து ஹார்பர்ல ஒரு கப்பலோட விசிறியில வலை சுத்திக்கிச்சு. தம்பி வந்து கேட்டான், "அண்ணே, இன்னைக்கு ஒருநாள் நீ வந்து பிடி. புது ஆளு, கை ஒட்டவே மாட்டேங்குது."

"நாளைக்குத் திறப்பு விழாடா, என் வேலை போயிடும். இருக்கிற ஆளை வச்சுச் சமாளி"ன்னுட்டாரு அண்ணன். தம்பி முணுமுணுத்துக்கிட்டே போயிட்டான்.

புது கூடத்துல நடுநாயகமா ஒரு உடுப்பு நிக்குது. அந்தக் காலத்து முக்குளிப்பு உடுப்பு. பித்தளையில பானை மாதிரி தலைக்கவசம், முன்னாடி வட்டக் கண்ணாடி. தடிச்ச ரப்பர்த் துணி. காலுக்கு ஈயத்துல செருப்பு. உள்ள வைக்கோலும் பழந்துணியும் அடைச்சு நிக்க வச்சதே நம்ம கயித்துக்காரர்தான். அதுக்கு மேலே கப்பலோட மேல்தளம் மாதிரி மரத்துல ஒரு மேடை, இரும்புக் கம்பித் தடுப்பு, அங்க கயிறு பிடிக்கிற ஆளு மாதிரி ஒரு பொம்மை. உடுப்போட இடுப்புல இருந்து பொம்மை கைக்குக் கயிறு போகணும். பாக்கி இருந்தது அந்த ஒரு வேலைதான்.

அந்த உடுப்புக்கு ஒரு கதை உண்டு. பலகையில 'விபத்தில் இறந்தார்'னு ஒரு வரி எழுதி முடிச்சிட்டாங்க. ஹார்பர்க்காரங்க கிட்ட கேட்டா முழுசாச் சொல்வாங்க. மேலே கயிறு பிடிச்சிருந்தவன், அதைத் தடுப்புக் கம்பியில கட்டிட்டு பீடி குடிக்கப் போயிட்டான். கீழே இருந்தவன் நாலு இழுத்தான்... மறுபடி நாலு... கம்பிக்குத் தெரியுமா நாலுன்னா என்னன்னு? ரொம்ப நேரம் கழிச்சுத் தூக்கினப்போ உடுப்பு வந்துச்சு. தலைக்கவசத்துத் திருகாணி எல்லாம் முறுக்கினது முறுக்கினபடி இருக்கு. உள்ள ஆளு இல்ல. அதுல இருந்து வந்ததுதான் அந்தக் கட்டக் கூடாதுங்கிற சட்டம்.

டைரக்டர் மேடம் கிளம்பிட்டாங்க. போறப்போ, "பொம்மை கையில நிக்கலைன்னா பின்னாடி கம்பியில கட்டிடுங்க, யாரு பார்க்கப் போறா"ன்னாங்க. அண்ணனுக்கு மனசு ஒப்பல. மேடையில ஏறி, கயித்து முனையைக் கையில பிடிச்சுக்கிட்டு, பொம்மையோட முஷ்டிக்குள்ள எப்படிச் சொருகலாம்னு யோசிச்சிட்டு நிக்கிறாரு.

கயிறு ஒரு தடவை இழுத்துச்சு.

லேசா... ஒண்ணே ஒண்ணு.

அவரு யோசிக்கவே இல்லங்க. பழகின கை! இத்தனை வருஷம் கீழே இருந்து ஒண்ணு வந்தா மேலே இருந்து ஒண்ணு கொடுத்த கை. தானா ஒண்ணு இழுத்துச்சு. பிடிச்சிருக்கேன், இரு.

கொடுத்தப்புறம்தான் உறைச்சது. யாருக்குக் கொடுத்தோம்?

கீழே எட்டிப் பார்த்தாரு. உடுப்பு அசையாம நிக்குது. வட்டக் கண்ணாடி இருட்டா இருக்கு. எலியா இருக்கும்னு மனசைத் தேத்திக்கிறதுக்குள்ள... டக், டக், டக், டக். நாலு. நாலும் ஒரே அளவு. குத்துற மாதிரி.

ஆனா நாலு வந்தாச்சே! அவர் புத்தி ஓடுன்னுச்சு, கை கேட்கல. தூக்க ஆரம்பிச்சிடுச்சு. கை மாத்திக் கை மாத்தி இழுக்கிறாரு... கயிறு வந்துக்கிட்டே இருக்கு. மேடைக்கும் உடுப்புக்கும் நடுவுல இருந்தது ஒரு ஆள் உசரக் கயிறுதான். ஆனா வருது... ஈரமா வருது. பாசி வழவழன்னு ஒட்டுது. காலைச் சுத்திக் குவியுது. சேறும் டீசலும் கலந்த ஹார்பர் தண்ணி நாத்தம் கூடம் பூரா. அந்தப் பக்கம் கனம்னா அப்படிக் கனம்.

அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில போன் அடிக்குது. எடுக்க முடியுமா? கை ரெண்டும் கயித்துல. அடிச்சு அடிச்சு நின்னுச்சு. மறுபடி அடிச்சது.

பட்டுன்னு கனம் போச்சு. தண்ணிக்குள்ள இருக்கிறவன் தலையை வெளியே நீட்டிட்டா கயிறு இலகுமே, அந்த மாதிரி. கீழே குனிஞ்சு பார்த்தா குவியலைக் காணோம். தரை காஞ்சு கிடக்கு. கையில அதே ஒரு ஆள் உசரக் கயிறுதான் இருக்கு.

போனை எடுத்தாரு. ஹார்பர்ல இருந்து அந்தப் புது ஆளு. பேச முடியாம மூச்சு வாங்குறான். "அண்ணே... தம்பி கயிறு செத்துப்போச்சுண்ணே... ரொம்ப நேரம் பதிலே இல்ல. இழுத்தா வரல, எங்கேயோ மாட்டிக்கிச்சு... நான் கதறிட்டேன். இப்பதான்ணே, தானாவே மேலே வந்துட்டாரு. நல்லா இருக்காரு. படியில உக்காந்திருக்காரு."

அண்ணனுக்குப் போன உசிரு திரும்பி வந்துச்சு. மேடையிலேயே உக்காந்து குழந்தை மாதிரி அழுதாரு. சின்ன வயசுல ஜுரம் வந்தப்போ தம்பியைத் தோள்ல போட்டுக்கிட்டு ராத்திரி பூரா நடந்தது எல்லாம் ஞாபகம் வந்துச்சு.

அழுதுட்டிருக்கிறப்போ... மடியில கிடந்த கயிறு இழுத்துச்சு.

டக். டக். டக். ட...க்...

நாலாவது நீளமா வந்துச்சு.

கைக்குத் தெரிஞ்சுபோச்சு. கைக்குத் தெரியாம இருக்குமா? ஆனா மனுஷன் மனசு இருக்கே... "என் தம்பி மேலே வந்துட்டான். படியில உக்காந்திருக்கான். இது வேற எதுவோ. இது பேய்!" அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கிட்டாரு. அந்தக் கயித்தைத் தடுப்புக் கம்பியில ரெண்டு சுத்துச் சுத்தி... கட்டிட்டாரு.

கட்டிட்டு ஓடினாரு. பின்னாடி கம்பி அதிர்ற சத்தம். டங்... டங்... டங்...

வீட்டுக்குப் போனா, தம்பி தலையைத் துவட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். கையில பாட்டில் இல்ல. அந்தப் பொண்ணு தட்டு வைக்குது, ஒரு வார்த்தை குறை சொல்லல, குனிஞ்சு அமைதியாச் சாப்பிடுறான். விரல் நுனி எல்லாம் ரொம்ப நேரம் தண்ணியில ஊறின மாதிரி வெளுத்துச் சுருங்கிப்போய் இருக்கு. அண்ணன் வாசல்லயே நின்னாரு. தம்பி நிமிர்ந்து பார்த்துச் சிரிச்சான்.

"நல்லாத் தூக்கினீங்க"ன்னான்.

பிறந்ததுல இருந்து அண்ணனை 'நீ, வா, போ'ன்னு பேசின பயல்.

அன்னைக்கு ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்ல. ரேடியோ தேவைப்படல. அண்ணன் பொட்டுக் கண் மூடல.

மறுநாள் திறப்பு விழா. ரிப்பன் வெட்டி உள்ள வந்தாங்க. எல்லாரும் பார்த்துக்கிட்டு இருக்கிறப்போவே கயிறு இழுக்குது. டங், டங், டங், ட...ங்... பெரிய மனுஷங்க கைதட்டுறாங்க! "அடடா, மோட்டார் வச்சிருக்கீங்களா, அசல் மாதிரியே இருக்கே!" மேடம் முகத்துல அப்படி ஒரு பெருமை. கயித்துக்காரர் முதுகைத் தட்டிக் கொடுத்தாங்க. கீழே ஒருத்தன் செத்துக்கிட்டே கெஞ்சுறான்... மேலே போட்டோ எடுக்கிறாங்க.

கூட்டம் போனதும் கட்டை அவிழ்த்து, பல்லைக் கடிச்சு இழுத்தாரு. உடுப்புதான் ஆடிச்சு. திருகாணியைக் கழட்டிக் கண்ணாடியைத் திறந்து பார்த்தாரு. அவர் அடைச்ச வைக்கோல், அவர் அடைச்ச பழந்துணி. ஆனா கண்ணாடிக்கு உள்பக்கம் மூச்சு பட்ட மாதிரி பனி படிஞ்சிருந்துச்சு. மூடிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள மறுபடி நாலு.

அப்புறம் உக்காந்து யோசிச்சாரு. அன்னைக்கு இங்க இழுத்தப்போ ஏன் வந்துச்சு? அந்த நேரம் தம்பி உடம்பு அங்க தண்ணிக்குள்ள இருந்துச்சு. இந்த உடுப்புல இருந்தவன் அந்த உடம்புல ஏறிப் போயிட்டான், தம்பி இதுல மாட்டிக்கிட்டான். அப்போ அந்த உடம்பு இன்னொரு தடவை தண்ணியில இறங்கணும். இறங்கியிருக்கிறப்போ இங்க இழுத்தா தம்பி அதுக்குள்ள திரும்பிப் போயிடுவான். ஒரே ஒரு தடவை இறங்கினாப் போதும்!

ஆனா அந்த ஆளு இறங்குவானா? மறுநாளே முக்குளிப்பை விட்டுட்டான். ஹார்பர் கிடங்குல சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. நேரத்துக்குப் போறான், நேரத்துக்கு வர்றான். குடி இல்ல. அக்கம்பக்கத்துல "தண்ணியில செத்துப் பிழைச்சதுல ஆளே திருந்திட்டான்பா"ன்னு ஒரே பேச்சு. அந்தப் பொண்ணு கன்னத்துல சதை வச்சிடுச்சு. துணி காயப்போடுறப்போ பாட்டுப் பாடுது... இத்தனை வருஷத்துல அவ பாடி அண்ணன் கேட்டதே இல்ல.

இவரு தவிச்சுப்போயிட்டாரு. மெலிஞ்சு துரும்பாயிட்டாரு. ஒருநாள் அந்த ஆளு வேலைக்குப் போனப்புறம், அவ கிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டாரு. அவ துணி மடிச்சிட்டிருந்தா. நடுவுல ஒரு கேள்வி கேட்கல. ஒரு ஐயோ சொல்லல.

"நீதாம்மா சொல்லணும். நீ சொன்னா அவன் கேட்பான். ஹார்பர் படியில முங்கி ஒரு குளியல் போடச் சொல்லு, போதும். நான் இங்க தூக்கிடுவேன். என் பிள்ளைம்மா அவன்... மூச்சு முட்டிக்கிட்டுக் கிடக்கான்மா."

அவ கடைசித் துணியை மடிச்சு வச்சா. "என்னை அங்க கூட்டிட்டுப் போங்க மாமா"ன்னா.

இவருக்குத் தலைகால் புரியல. புருஷனாச்சே, விட்டுடுவாளா! அன்னைக்குச் சாயங்காலமே மியூசியம் சாத்துறதுக்கு முன்னாடி கூட்டிட்டுப் போனாரு. மேடையில ஏத்தி, கட்டை அவிழ்த்துக் கயித்தை அவ கையில கொடுத்தாரு. கொடுக்கிறப்போ, "வாங்கிட்டேன்னு சொல்லும்மா"ன்னாரு.

"வாங்கிட்டேன்"ன்னா.

ரெண்டு பேரும் நிக்கிறாங்க. கூடத்துல ஈ காக்கா இல்ல.

டக். டக். டக். ட...க்...

அவ உடம்பு ஒருதடவை தூக்கிப்போட்டுச்சு. அப்புறம் தலையை ஆட்டினா. "அவருதான். என் சடையைப் பிடிச்சு இப்படித்தான் இழுப்பாரு. கடைசி இழுப்பு மட்டும் நீளமா."

அண்ணன் தடுப்புக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டாரு.

"உங்களுக்கு அவர் கயிறு இழுக்கிறது தெரியுதுன்னா, எனக்கு அவர் பக்கத்துல படுக்கிறது தெரியாதா மாமா? அன்னைக்கு ராத்திரியே தெரிஞ்சுபோச்சு. இப்ப வந்திருக்கிறவரு உடம்பு விடிய விடிய ஜில்லுன்னு இருக்கு. விரல் எல்லாம் ஊறிப்போய் இருக்கு. தூக்கத்துல மூச்சு விடுறதுகூட இல்ல... ஆனா என்னை அடிக்கிறதில்ல."

"அம்மாடி..."

"மேலே இருந்து ஒண்ணு இழுத்தா என்ன அர்த்தம்னு சொன்னீங்க?"

இவரு சொல்லிட்டாரு. அந்தக் குரலுக்குச் சொல்லாம இருக்க முடியல. பிடிச்சிருக்கேன்... இரு.

அவ ஒண்ணு இழுத்தா.

கொஞ்ச நேரம் ஒண்ணுமே இல்ல. அப்புறம் கீழே இருந்து... மெதுவா, நம்பிக்கையா... ஒண்ணு வந்துச்சு. நல்லா இருக்கேன்.

அவ கயித்தைப் பொம்மையோட முஷ்டி வழியா விட்டு, பின்னாடி கம்பியில கட்டினா. ரெண்டு சுத்து, அதுக்கு மேலே இன்னும் ரெண்டு சுத்து. முடிச்சைப் பல்லால கடிச்சு இறுக்கினா. அண்ணன் அவ காலைத் தொடாத குறையா கையைப் பிடிச்சுக்கிட்டுக் கதறினாரு. "அவன் இழுத்துக்கிட்டே இருப்பான்மா! அந்தச் சத்தத்தை நான் எப்படிம்மா தினம் கேட்பேன்?"

அவ கையை விடுவிச்சுக்கிட்டு முந்தானையைச் சரி பண்ணினா.

"அன்னைக்கெல்லாம் என்ன செஞ்சீங்களோ, அதையே செய்ங்க"ன்னா. "வாங்க மாமா, இருட்டப் போகுது. அவரு சாப்பிட வந்துடுவாரு."

அவ்வளவுதாங்க. கயித்துக்காரர் இன்னும் அங்கதான் வேலை பார்க்கிறாரு. கயித்தை அறுத்துடலாம்னு ஒருதடவை கத்தி எடுத்தாராம், அறுத்தா அவன் யாரைக் கூப்பிடுவான்னு வச்சிட்டாராம். மேடம் அந்த உடுப்பு முன்னாடி ஒரு பலகை வேற வச்சிட்டாங்க, 'கயிற்றை ஒரு முறை மெதுவாக இழுத்துப் பாருங்கள்'னு. பசங்க வரிசையில நின்னு ஆளுக்கு ஒண்ணு இழுக்குதுங்க. ஒவ்வொண்ணுக்கும் கீழே இருந்து ஒண்ணு வருது. பசங்க கைகொட்டிச் சிரிக்குதுங்க.

சாயங்காலம் கூட்டம் எல்லாம் போனப்புறம், கதவைச் சாத்தினப்புறம்தான் அந்த நாலு வரும். கம்பி அதிரும். டங்... டங்... டங்... ட...ங்...

பெயிண்டர் ஒருநாள் சுவருக்கு வெள்ளையடிக்க அங்க போயிருந்தான். அந்த நேரம் கூடத்துலதான் இருந்தான். கம்பி அதிர ஆரம்பிச்சது... கயித்துக்காரர் நாற்காலியில இருந்து எந்திரிச்சாரு. கயிறு பக்கம் போகல. ஜன்னல் ஓரமா வச்சிருந்த ரேடியோவைத் திருகினாரு. இன்னும் கொஞ்சம் திருகினாரு. அப்புறம் திரும்பி வந்து உக்காந்து, மடியில கிடந்த பாய்மரக் கயித்தை முறுக்க ஆரம்பிச்சாரு.